வலி எத்தனை நாளாக இருந்தது

அவனியாபுரம்,
ஜூன் 8.

அன்பு மகள் அஸ்வினிக்கு,

அப்பா எழுதுகிறேன். உடம்புக்கு ஒன்றுமில்லை. நீயும் அந்த வெளிநாட்டுக் குளிரில் சளி, இருமல் இல்லாமல் வேலைக்குப் போய் வருகிறாய் என்று நம்பித்தான் இந்தத் தாளை எடுத்தேன். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் நீ சாப்பிட்டீங்களா என்கிறாய், நான் சாப்பிட்டேன், நீ சாப்பிட்டியா என்கிறேன். அதோடு இரண்டு பேருக்கும் பேச்சு தீர்ந்துவிடுகிறது. உன் அம்மா இருந்தவரை போன் அவள் கையில்தான் இருக்கும். நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பேன். அதனால் உன்னோடு போனில் பேசி எனக்குப் பழக்கமே இல்லாமல் போய்விட்டது.

வைகாசி முடியப் போகிறது, இன்னும் வெயில் குறையவில்லை. பட்டறைக்காரர்கள் காலை எட்டு மணிக்கே வெல்டிங்கை ஆரம்பித்துவிடுகிறார்கள். பால் பாக்கெட்டை அரை லிட்டரிலிருந்து கால் லிட்டராக மாற்றினேன், அதுவும் மிஞ்சுகிறது. எதிர்வீட்டுத் தங்கப்பொண்ணு அக்கா தினமும் ஒரு கிண்ணம் குழம்பு கொடுத்துவிடுகிறார். வேண்டாம் என்றால் முகம் வாடிப்போகிறது, வாங்கிக்கொள்கிறேன். சோறு மட்டும் நான் வடிக்கிறேன். ஒரு ஆளுக்கு எம்புட்டு அரிசி போடுவதென்று இன்னும் கை பழகவில்லை.

ஏப்ரல் கடைசியிலிருந்து வேலைக்குப் போகிறேன். போகாமல் இருந்தால் வீட்டில் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். சின்ன வயதில் உன் டீச்சர் அப்பா என்ன வேலை பார்க்கிறார் என்று கேட்டதற்கு, செத்தவங்க வீட்டுக்குப் போயி எப்படிச் செத்தாங்கன்னு கேட்டு எழுதுவாரு என்று நீ சொன்னதால், வகுப்பில் ஒரு வாரம் யாரும் உன் பக்கத்தில் உட்காரவில்லை. நினைவிருக்கிறதா? இப்போதும் அதே வேலைதான். நம் பக்கத்தில் பாதிச் சாவு வீட்டில்தான் நடக்கிறது, எதனால் என்று எழுதிக் கொடுக்க டாக்டர் இருப்பதில்லை. நாங்கள் போய்க் கேட்டு எழுதுவதை இரண்டு டாக்டர்கள் தனித்தனியாகப் படித்துக் காரணம் போடுகிறார்கள். அது டெல்லிக்குப் போய், அங்கிருந்து உலகக் கணக்கில் சேர்கிறது. ஆப்பிரிக்காவில் ஏதோ ஒரு கிராமத்திலும் என்னைப் போல் ஒருத்தன் ஒரு வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருப்பான் என்று நினைத்துக்கொள்வேன். பஸ்ஸுக்கு நிற்கும்போது அப்படி நினைத்தால் கொஞ்சம் துணையாக இருக்கும்.

போன வாரம் பாண்டிச்செல்வி வீட்டுக்கு வந்தாள். உனக்குத் தெரியும், காளவாசல் ஆபீசில் பன்னிரண்டு வருடமாக என்னோடு இருப்பவள், அம்மாவின் கருமாதியன்று பந்தியில் நின்று பரிமாறியவள். இந்த வருடம் எங்கள் ஆய்வில் நம் தெருவும் விழுந்திருக்கிறது. சொந்த வீட்டை நானே எழுதக் கூடாது, அது விதி. அதனால் அவளை அனுப்பினார்கள். பிறந்தவர் யார், இறந்தவர் யார், வந்தவர் யார், போனவர் யார் என்று எல்லா வீட்டிலும் கேட்பதுதான். உன் பெயரைச் சொன்னேன். ஆறு மாசத்துக்கு மேல வெளியில இருந்தா வீட்டுக் கணக்குல வராதுண்ணே என்றாள். எனக்குத் தெரியாதா? துபாய் போனவனையும் திருப்பூர் போனவளையும் அவர்கள் அம்மாமார் பார்த்துக்கொண்டிருக்க இந்தக் கையால்தானே கணக்கிலிருந்து எடுத்தேன். கணக்கு ஏற்றும் டேப்லெட்டை என் பக்கம் திருப்பிக் காட்டினாள். வீட்டில் இருப்போர் என்ற இடத்தில் ஒன்று என்று இருந்தது. சரிதான் என்றேன்.

இறந்தவர் என்ற இடத்தில் அம்மாவின் பெயர் ஏறியது. அழகம்மாள், வயது ஐம்பத்து மூன்று. அதற்கான தனிக் கேள்வித்தாளோடு மறுபடி ஒரு நாள் வருவதாகச் சொல்லிவிட்டுப் போனாள்.

நேற்று நீ போனில் கேட்டதைப் பற்றி. அந்தச் செவ்வாய்க்கிழமை அம்மாவின் குரல் ஒரு மாதிரி இருந்தது, வார்டில் இருந்ததால் அப்புறம் கூப்பிடுறேன் என்று வைத்துவிட்டேன், நர்ஸாக இருந்தும் கவனிக்காமல் விட்டேனே என்று அழுதாய். அம்மா முன்னாலேயே ஏதாவது சொன்னாளா என்று கேட்டாய். இதோடு நாலு தடவை கேட்டுவிட்டாய். நான் அப்போது சொன்னதுதான். ஒன்றும் சொல்லவில்லை. வியாழக்கிழமை மதியம் வரை நன்றாகத்தான் இருந்தாள். எல்லாம் ஒரு மணி நேரத்தில் முடிந்துவிட்டது. அதையே நினைத்துக்கொண்டிருக்காதே. நேரத்துக்குச் சாப்பிடு.

உன் நன்மையையே நினைத்துக்கொண்டிருக்கும்,
அப்பா
உக்கிரபாண்டி


அவனியாபுரம்,
ஜூலை 6.

அன்பு அஸ்வினிக்கு,

நீ அனுப்பிய போட்டோ வந்தது. மெலிந்திருக்கிறாய். அந்தக் கோட்டு உனக்குப் பெரிதாக இருக்கிறதா, இல்லை நீதான் அதற்குள் சுருங்கிவிட்டாயா தெரியவில்லை.

இங்கே ஒரு மழை பெய்தது. மாடியில் அம்மா வைத்த செம்பருத்தி மறுபடி துளிர்த்திருக்கிறது. தண்ணீர் லாரி இரண்டு நாளாக வரவில்லை. ஒரு ஆளுக்கு ஒரு குடமே போதும் என்பதால் எனக்கு ஒன்றும் சிரமமில்லை.

பாண்டிச்செல்வி போன ஞாயிற்றுக்கிழமை வந்து அம்மாவுக்கான கேள்விகளைக் கேட்டுவிட்டுப் போனாள். நல்லபடியாக முடிந்தது. முக்கால் மணி நேரம் ஆனது. மற்ற வீடுகளில் நான் உட்காரும் இடத்தில், அதாவது வாசலைப் பார்த்த நாற்காலியில், அவள் உட்கார்ந்தாள். நான் சுவரோரம். காய்ச்சல் இருந்ததா, இல்லை. இருமல் இருந்ததா, இல்லை. சர்க்கரை இருந்ததா, ஆமாம், ஒன்பது வருடமாக. வலி இருந்ததா, ஆமாம். வலி எத்தனை நாளாக இருந்தது? ஒரு மணி நேரம் என்றேன். அவள் தலையைத் தூக்கி என்னைப் பார்த்துவிட்டு, எழுதிக்கொண்டாள். முடிவில் எழுதியதை வாசித்துக் காட்டினாள். நான் கையெழுத்துப் போட்டேன். டீ போட்டு வைத்திருந்தேன், குடிக்காமல் போய்விட்டாள். நேரமாகிவிட்டது போலிருக்கிறது.

இருதய வார்டிலிருந்து வேறு வார்டுக்கு மாற்றக் கேட்டிருப்பதாகச் சொன்னாய். அங்கே வந்து படுக்கும் ஒவ்வொரு பெண்ணும் உனக்கு அம்மாவாகத் தெரிகிறாள் என்றாய். நான் என்ன சொல்வது? நீ நல்ல நர்ஸ். அவசரப்பட்டு எதுவும் முடிவு செய்யாதே.

எனக்குக் கொஞ்சம் தூக்கம் சரியில்லை. வேறொன்றுமில்லை. வெயில்தான்.

அன்புடன்,
அப்பா


அவனியாபுரம்,
ஆகஸ்ட் 17.

என் அன்பு மகள் அஸ்வினிக்கு,

இந்தக் கடிதத்தை வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் பிரிக்காதே. லீவு நாளில் உட்கார்ந்து படி. பக்கத்தில் உன் சிநேகிதி யாராவது இருந்தால் நல்லது.

போன வாரம் நீ வேலையையே விடப் போவதாகச் சொன்னாய். என் அம்மாவின் குரலையே அடையாளம் தெரியாதவள் யாருக்கு வைத்தியம் பார்ப்பது என்றாய். போனை வைத்த பிறகு அந்த நாற்காலியிலேயே இருட்டும்வரை உட்கார்ந்திருந்தேன். மறுநாள் வேலைக்குப் போனேன். அங்கே நடந்ததை முதலில் சொல்கிறேன்.

ஊரையும் பெயரையும் சொல்லக் கூடாது. செக்கானூரணிக்கு மேற்கே ஒரு ஊர் என்று வைத்துக்கொள். ஒரு அம்மா, நாற்பது வயது இருக்கும். புருஷன் இறந்து நாலு மாதம். என்ன நோவு என்று கேட்டேன். காய்ச்சல், பத்து நாள் காய்ச்சல் என்றார். இருமல் இருந்ததா? இல்லை. ரத்தம் துப்பினாரா? இல்லை. எல்லாவற்றுக்கும் இல்லை. இப்படி வரும் இல்லைகளை இருபது வருடமாகக் கேட்டிருக்கிறேன். எழுதிக்கொண்டு, ஆறுதலாக நாலு வார்த்தை சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

ரோட்டுக்கு வந்து பஸ்ஸுக்கு நிற்கிறேன், அந்த அம்மா வேகமாக நடந்து வருகிறார். காலில் செருப்பு இல்லை. தார் ரோடு கொதிக்கிறது. பக்கத்தில் வந்து மூச்சு வாங்க நின்றார்.

"அய்யா, நான் சொன்னது பொய்யி. டி.பி.தான். மாத்திரைய பாதியில நிப்பாட்டிட்டாரு. எனக்குத் தெரியும், நானும் கேக்காம விட்டுட்டேன். பொண்ணப் பாக்க வாராகன்னு யாருகிட்டயும் சொல்லல. அத அழிச்சுட்டு எழுதுங்க."

ஏனம்மா இப்போது சொல்கிறீர்கள் என்று கேட்டேன். வீட்டில் இன்னும் மூன்று பிள்ளைகள் இருக்கிறார்கள் என்றார். நேற்றிலிருந்து கடைசிப் பையன் இருமுகிறானாம். அங்கேயே புளிய மர நிழலில் உட்கார்ந்து மறுபடி முதலிலிருந்து எழுதினேன். பிள்ளைகளை எங்கே கூட்டிப்போய்ச் சளிப் பரிசோதனை செய்ய வேண்டும், யாரைப் பார்க்க வேண்டும் என்று சொல்லி, அந்த ஊர் நர்ஸம்மாவுக்கும் போன் போட்டுவிட்டேன். இரண்டு பஸ் போய்விட்டது. போகும்போது அந்த அம்மா, இம்புட்டு நாளும் நெஞ்சுக்குள்ள இருந்தது அய்யா என்றார்.

ஊர் திரும்பும் வழியெல்லாம் எனக்கு ஜன்னலுக்கு வெளியே ஒன்றும் தெரியவில்லை.

அஸ்வினி, அம்மா சொன்னாள்.

திங்கட்கிழமை சாயங்காலம் மாடியில் துணி எடுத்துக்கொண்டு இறங்கியவள், பாதிப் படியில் உட்கார்ந்துவிட்டாள். முதுகில் இரண்டு தோளுக்கும் நடுவில் கல்லை வைத்த மாதிரி கனமாக இருக்கிறது என்றாள். வாயுவாக இருக்கும் என்று நான்தான் ஓமத் தண்ணீர் வைத்துக் கொடுத்தேன். செவ்வாய்க்கிழமை சமைக்கும்போது வேர்த்துக் கொட்டியது. அன்றைக்குத்தான் நீ கூப்பிட்டாய். வார்டில் வேலை வந்துவிட்டதால் உடனே வைத்துவிட்டாய். அவகிட்ட சொல்ல வேண்டியதுதானே, அவ நர்சுதானே என்று நான் கேட்டேன். அதற்கு அவள் சொன்னதை இன்றுவரை உன்னிடம் சொல்லவில்லை.

"பிள்ள அம்புட்டுத் தூரத்துல இருக்கா, அவ என்ன செய்வா? நான்தான் உங்ககிட்ட சொல்லிட்டேன்ல."

அவள் என்னிடம்தான் சொல்லியிருந்தாள். உன்னிடம் வேண்டுமென்றே மறைத்தாள். நீ எவ்வளவு நேரம் பேசியிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டாள். இதை நீ நன்றாகப் புரிந்துகொள்ள வேண்டும்.

புதன்கிழமை தாடை வலிக்கிறது என்றாள். பல்லாக இருக்கும் என்றேன். சர்க்கரை உள்ள பெண்களுக்கு மாரடைப்பு வலி பல நேரம் நெஞ்சில் வராது, முதுகில் வரும், தாடையில் வரும், வேர்க்கும், படி ஏறினால் மூச்சு முட்டும். இதை எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. எத்தனையோ வீட்டில் இதே வார்த்தைகளை இந்தக் கையால் எழுதியிருக்கிறேன். அந்த வீடுகளில் எல்லாம் கேட்டது என் காதில் ஏறியது. என் வீட்டில் கேட்டது ஏறவில்லை. ஏன் என்று என்னால் சொல்ல முடியவில்லை, தாயி. தினமும் யோசிக்கிறேன்.

வியாழக்கிழமை எங்களுக்கு அந்தக் கணக்கெடுப்புச் சுற்று முடியும் கடைசி நாள். என் பங்கில் வாடிப்பட்டிப் பக்கம் நாலு வீடு பாக்கி. நான் சட்டை மாட்டும்போது அவள் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள்.

"இன்னைக்கு ஒரு நா இருங்களேன்" என்றாள்.

சாயங்காலம் வந்து டாக்டரிடம் கூட்டிப்போகிறேன் என்று சொல்லிவிட்டு ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுக்கு ஷேர் ஆட்டோ ஏறினேன். அவள் வாசல்வரை வரவில்லை. எப்போதும் வருவாள்.

மதியம் இரண்டு மணிக்கு ஒரு வீட்டில் உட்கார்ந்திருந்தேன். ஒருத்தர் தன் அண்ணன் செத்த கதையைச் சொல்லி அழுதுகொண்டிருந்தார். போன் வந்தது. அம்மா. அழுகிறவர் முன்னால் போனை எடுப்பது மரியாதை இல்லை என்று கட் செய்தேன். மறுபடி வந்தது. மறுபடியும் கட் செய்தேன். அப்புறம் வரவில்லை. அவரிடம் நான் அடுத்துக் கேட்டது, உங்கள் அண்ணனுக்கு வலி எத்தனை நாளாக இருந்தது என்பது. வெளியே வந்து திருப்பிக் கூப்பிட்டபோது தங்கப்பொண்ணு அக்காதான் எடுத்தார். ஆம்புலன்ஸ் வந்திருக்கு தம்பி, சீக்கிரம் வாங்க என்றார். நான் வந்து சேர்ந்தபோது, ஆஸ்பத்திரி போகும் வழியிலேயே உயிர் போய், அவளைத் திருப்பிக் கொண்டுவந்து கூடத்தில் கிடத்தியிருந்தார்கள்.

வந்தவர்கள் எல்லாரும் கேட்டார்கள். காலையில நல்லாத்தான் இருந்தா என்று சொன்னேன். முதலில் யாரிடம் சொன்னேன் என்று தெரியவில்லை. ஒரு தடவை சொன்ன பிறகு அதையே சொல்ல வேண்டியதாகிவிட்டது. நீ வந்து இறங்கி என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டபோதும் அதையே சொன்னேன்.

டி.பி. என்று சொல்ல அந்த ஊர் அம்மா என் பின்னால் நடந்து வந்ததற்கு மறுநாள் ஆபீசுக்குப் போய்ப் பாண்டிச்செல்வியிடம், அழகம்மாள் தாளைத் திறக்க வேண்டும், நான் சொன்னது தப்பு என்றேன். அவள் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டாள். பிறகு சொன்னாள்:

"அண்ணே, அன்னைக்கே எனக்குத் தெரியும். நீங்க சொல்லுவீகன்னு பாத்துக்கிட்டே இருந்தேன்."

ஏன் கேட்கவில்லை என்றேன். வாயை வற்புறுத்தித் திறக்கக் கூடாதுன்னு நீங்கதான அண்ணே ஆபீஸ்ல எல்லாருக்கும் சொல்லுவீக என்றாள். மேலதிகாரியிடம் அவளே போய் அனுமதி வாங்கி வந்தாள். மாடியில் பழைய கோப்புகள் அடுக்கிய அறையில் இரண்டு நாற்காலி போட்டு, கதவைச் சாத்திக்கொண்டு, முதல் கேள்வியிலிருந்து ஆரம்பித்தாள். இறந்தவரின் பெயர் என்ன? அவளுக்குத் தெரியாத பெயரா? ஆனாலும் கேட்டாள், நான் சொன்னேன். வலி எத்தனை நாளாக இருந்தது? மூன்று நாள். யாரிடமாவது சொன்னாரா? சொன்னார், கணவரிடம். சிகிச்சைக்குத் தாமதம் ஏன்? கணவர் வேலைக்குப் போய்விட்டார், போனை எடுக்கவில்லை. ஒரு வார்த்தை மாற்றாமல் எழுதினாள். ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. அது நல்லதாக இருந்தது. எழுதி முடித்து டேப்லெட்டைக் கீழே வைத்த பிறகும் எழுந்து போகாமல், நான் அழுது முடிக்கும்வரை எதிரிலேயே உட்கார்ந்திருந்தாள்.

டாக்டர்கள் என்ன காரணம் போடுவார்கள் என்று எங்களுக்குச் சொல்ல மாட்டார்கள். உலகத்தில் இத்தனை லட்சம் பெண்கள் மாரடைப்பில் இறந்தார்கள், இத்தனை பேர் ஆஸ்பத்திரிக்குப் போகாமலே இறந்தார்கள் என்று என்றாவது ஒரு அறிக்கை வரும். நீ கூட அதை அங்கே பார்க்கக்கூடும். அதில் உன் அம்மா சரியான இடத்தில் இருப்பாள். அவளுக்கு நான் செய்ய முடிந்தது இம்புட்டுத்தான், அதுவும் தாமதமாக.

இப்போது உனக்குச் சொல்லிவிட்டேன். அந்தச் செவ்வாய்க்கிழமைப் போனை இன்றோடு நீ விட்டுவிட வேண்டும். அது உன்னுடையது இல்லை. வேலையை விடாதே. உன் வார்டில் வந்து, முதுகு கனமாக இருக்கிறது என்று ஒரு பெண் சொன்னால், அதைக் கேட்டு உடனே எழுந்து ஓட உன்னைப் போல் ஒருத்தி அங்கே இருக்க வேண்டும்.

என் மீது உனக்குக் கோபம் வரும். வர வேண்டாம் என்று கேட்க எனக்கு முகமில்லை. எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு. எழுதித் திட்டு, போனில் திட்டு, பொங்கலுக்கு லீவு கிடைத்தால் வந்து நேரில் திட்டு. பேசாமல் மட்டும் இருந்துவிடாதே, தாயி. இந்த வீட்டில் அதைத் தாங்க நான் ஒருத்தன்தான் இருக்கிறேன்.

நீ நோய் நொடி இல்லாமல், நூறு வயது நன்றாக இருக்க வேண்டும்.

உன் அப்பா,
உக்கிரபாண்டி